கதவைச் சாத்தினால் அணைகிறதா?



என்னுடைய மகிழுந்தின் கதவைத் திறந்தால் முன்னிருக்கைகளின் காலடியில் மெல்லிய நீல ஒளி பரவும். கதவைச் சாத்தியதும் அது அணைந்துவிடும். "ஐயாவுக்கும் இளமை திரும்பிவிட்டது" என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வதுண்டு. நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவேன். ஆனால் அந்த ஒளி அலங்காரத்துக்காக மட்டும் அங்கே இல்லை. பல ஆண்டுகள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு மின்சுற்றுப் பாடம் நடத்திய நான், எதைச் சரியாகக் கற்பிக்கவில்லை என்பதை நாள்தோறும் நினைவூட்டுவதற்காகவும் அதை அப்படியே வைத்திருக்கிறேன். அந்தக் கதையை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2018 ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஒரு வாரப் பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை. சொகூர் பாருவில் நெருங்கிய உறவினர் வீட்டுத் திருமணம். மாலை ஆறு மணிக்கு என் மைத்துனர் தம் வேனில் வந்து எங்கள் எல்லாரையும் அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. என் மகன் அப்போது படிவம் 4 மாணவன். இரவுச் சந்தையில் இருபது ரிங்கிட்டுக்கு எல்.இ.டி. அலங்கார விளக்குகள் நான்கு அடங்கிய ஒரு பெட்டியை வாங்கி வைத்திருந்தான். சிகரெட் லைட்டர் துளையில் செருகி எரிய வைக்கும்படி அது செய்யப்பட்டிருந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. கதவைத் திறக்கும்போது கூரை விளக்கு எரிகிறதே, அதனோடு சேர்ந்து இவையும் எரிய வேண்டும், அதனோடு சேர்ந்து அணைய வேண்டும் என்பது அவன் விருப்பம்.

"அப்பா, நானே இணைக்கட்டுமா?" என்று கேட்டான்.

நான் நாளிதழிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "செய். ஆனா எதையும் கெடுத்து வச்சிடாதே" என்றேன். ஒரு தந்தையாகவும் ஓர் அறிவியல் ஆசிரியனாகவும் அன்று அவனுக்கு நான் அளித்த வழிகாட்டல் அவ்வளவுதான்.

நான்கு மணியளவில் அவன் என்னை அழைத்துக் காட்டினான். கதவு திறந்திருந்தது. கூரை விளக்கு எரிந்தது. இருக்கைகளுக்குக் கீழே குனிந்து பார்த்தால் பகல் வெளிச்சத்திலும் நீல ஒளி தெரிந்தது. "நல்லா இருக்கு" என்றேன். கதவைச் சாத்தினோம், பூட்டினோம். மைத்துனரின் வேன் வந்ததும் கிளம்பிவிட்டோம். வீட்டு முன்றிலில் மகிழுந்து ஏழு நாள்கள் அசையாமல் நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குப் பின்தான் வீடு திரும்பினோம். முன்றில் இருட்டாக இருந்தது, மகிழுந்தும் இருட்டாக இருந்தது. மறுநாள் சனிக்கிழமை ஈப்போவில் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான கதை சொல்லும் போட்டி. எங்கள் பள்ளியிலிருந்து இருவர் பெயர் கொடுத்திருந்தோம். படிநிலை ஒன்றுக்கு மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, படிநிலை இரண்டுக்கு ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன். இருவரும் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகள். அவர்களுடைய பெற்றோருக்குச் சனிக்கிழமையும் வேலை. ஆகவே நானே அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்தேன். காலை ஏழு மணிக்குத் தோட்டத்துச் சந்திப்பில் நிற்கச் சொல்லியிருந்தேன். எட்டரை மணிக்குப் பதிவு முடிந்துவிடும்.

ஆறே முக்காலுக்குச் சாவியைத் திருப்பினேன். ஒரு மெல்லிய சொடுக்கு ஒலிகூடக் கேட்கவில்லை. முகப்பில் ஒரு விளக்கும் எரியவில்லை. கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். கூரை விளக்கும் எரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வெளியே சென்றிருந்தார். அவர் திரும்பி வந்தபோது மணி எட்டு. தம் மகிழுந்தைக் கொண்டுவந்து அருகில் நிறுத்தி, இணைப்புக் கம்பிகளை எடுத்தார். சிவப்புக் கவ்வியை என் மின்கலத்தின் நேர்முனையிலும், அதன் மறுநுனியைத் தம் மின்கலத்தின் நேர்முனையிலும் மாட்டினார். கறுப்புக் கம்பியின் ஒரு நுனியைத் தம் மின்கலத்தின் எதிர்முனையில் மாட்டினார். மற்றதை என் மின்கலத்தில் மாட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அதை என் எந்திரத்தின் வண்ணம் பூசாத ஓர் இரும்புப் பகுதியில் கவ்வ வைத்தார்.

"சார், இதுவும் மைனஸ்தான். பாடி முழுக்க மைனஸ். இங்க மாட்டினா தீப்பொறி பேட்டரி பக்கத்துல வராது" என்றார். மின்கலத்திலிருந்து ஐதரசன் வளி கசிந்திருந்தால் அதன் அருகே தீப்பொறி விழக்கூடாது என்பதற்காக அவ்வாறு செய்வார்கள். அவர் சொன்ன முதல் பகுதியை, அதாவது உடல் முழுவதும் எதிர்முனை என்பதை, நான் அந்த அவசரத்தில் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எந்திரம் உறுமியது. நான் பறந்தேன்.

சந்திப்பில் இரு பிள்ளைகளும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார்கள். அந்தச் சிறுமி பள்ளிச் சீருடையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, தலையில் மல்லிகைச் சரம் வைத்து, கையில் தானே வண்ணம் தீட்டிய காகிதக் கிரீடம் ஒன்றைப் பிடித்திருந்தாள். அவள் சொல்லவிருந்த கதையில் ஓர் அரசன் வருவான்.

மண்டபத்தை அடைந்தபோது ஒன்பதைத் தாண்டிவிட்டது. படிநிலை இரண்டின் பதிவு இன்னும் முடியவில்லை. ஆறாம் ஆண்டு மாணவனைச் சேர்த்துக்கொண்டார்கள். படிநிலை ஒன்று தொடங்கிவிட்டது. நான் கெஞ்சினேன். "மன்னிக்கணும் ஐயா. ஒருத்தருக்கு விட்டுக் கொடுத்தா மத்தவங்க கேட்பாங்க" என்றார் பொறுப்பாளர். அவர் சொன்னது நியாயம். இன்னொரு பள்ளியின் ஆசிரியனாக நான் அங்கே அமர்ந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

அந்தச் சிறுமி அழவில்லை. நாள் முழுவதும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகள் சொன்ன கதைகளைக் கேட்டாள். திரும்பும் வழியில், "பாப்பா, உன் கதையை எங்களுக்குச் சொல்லேன்" என்றேன். "வேண்டாங்கய்யா" என்றாள். கிரீடத்தை மடித்துப் பைக்குள் வைத்திருந்தாள்.

அன்று மாலை என் கோபம் முழுவதும் என் மகன்மேல் இறங்கியது. காரணம் எதுவென்று நான் ஆராயவில்லை. அவன் கம்பியைத் தொட்டான், மகிழுந்து நின்றது. அவ்வளவு போதுமாக இருந்தது. "தெரியாத வேலையில ஏன் கை வைக்கிறே? ஒரு சின்னப் பிள்ளையோட வாய்ப்பைக் கெடுத்துட்டியே!" என்று அவன் அம்மாவும் தங்கையும் கேட்கும்படி கத்தினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. வெளியே போய், திருப்புளியை எடுத்து, தான் மாட்டிய விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான்.

நான் பின்னால் போய் நின்றேன். உண்மையைச் சொன்னால், இன்னும் நான்கு வார்த்தை சொல்லத்தான் போனேன். அப்போதுதான் அவன் திரும்பாமலே சொன்னான்: "அப்பா, நீங்க கிளாஸ்ல வரைஞ்ச மாதிரிதான் இணைச்சேன்."

2013 ஆம் ஆண்டில் அவன் ஐந்தாம் ஆண்டு. எங்கள் பள்ளியிலேயே படித்தான். அவனுக்கு அறிவியல் கற்பித்தவன் நான்தான்.

"எப்படி இணைச்சே? வரைஞ்சு காட்டு" என்றேன். அவன் ஓர் அட்டைத்துண்டில் வரைந்தான். இடப்பக்கம் மின்கலம். அதன் நேர்முனையிலிருந்து ஒரு கோடு. கோட்டின் மேல் சுவிட்ச். பிறகு மின்குமிழ். மின்குமிழிலிருந்து திரும்பி எதிர்முனைக்கு இன்னொரு கோடு. நான் எத்தனையோ ஆண்டுகளாக வெண்பலகையில் வரைந்த அதே படம். சுவிட்ச் எப்போதும் நேர்முனைக்கும் மின்குமிழுக்கும் இடையில்தான். நான் அதை வேறு எங்கும் வைத்து வரைந்ததே இல்லை.

அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அவன் கூரை விளக்கைக் கழற்றியிருக்கிறான். மின்குமிழுக்கு இரு முனைகள். ஒன்றில் மின்னோட்டம் வருகிறது. கதவைத் திறந்தால்தானே விளக்கு எரிகிறது, ஆகவே கதவுச் சுவிட்சைத் தாண்டித்தான் இந்த முனைக்கு மின்சாரம் வர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறான். எல்.இ.டி.யின் சிவப்புக் கம்பியை அந்த நேர்முனையில் இணைத்தான். கறுப்புக் கம்பியை மகிழுந்தின் உடலில் ஒரு திருகாணியோடு சேர்த்து முறுக்கினான். படத்தின்படி பார்த்தால் குற்றமில்லை.

மகிழுந்து அந்தப் படத்தின்படி செய்யப்படவில்லை.

சப்பானிய வடிவமைப்பைப் பின்பற்றும் பல மகிழுந்துகளைப் போலவே, எங்கள் மகிழுந்திலும் கூரை விளக்கின் நேர்முனைக்கு மின்கலத்திலிருந்து உருகி வழியாக எப்போதும் 12 வோல்ட்டு வந்துகொண்டே இருக்கிறது. சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கதவு திறந்தாலும் மூடினாலும் அது வரும். சுவிட்ச் இருப்பது மின்குமிழுக்கு மறுபுறம், எதிர்முனைப் பக்கம். கதவுத் தூணில் ஒரு சிறு குமிழ் இருக்கிறதல்லவா? கதவு மூடியிருக்கும்போது அது உள்ளே அழுந்தியிருக்கும். கதவைத் திறந்தால் வெளியே துள்ளி, மின்குமிழிலிருந்து வரும் கம்பியை மகிழுந்தின் உடலோடு சேர்த்துவிடும். மகிழுந்தின் இரும்பு உடல் முழுவதும் மின்கலத்தின் எதிர்முனையோடு இணைக்கப்பட்டது. சுற்று முழுமையடையும், விளக்கு எரியும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? முதலாவது காரணம் சிக்கனம். உடலே திரும்பும் கம்பியாகிவிடுவதால் ஒவ்வொரு கதவுச் சுவிட்சுக்கும் ஒரே ஒரு கம்பி போதும். இரண்டாவது காரணம் இன்னும் அழகானது. கதவுத் தூணுக்குச் செல்லும் அந்தக் கம்பி நாளடைவில் உரசித் தேய்ந்து உடலில் பட்டுவிட்டால் என்ன ஆகும்? கூரை விளக்கு அணையாமல் எரியும், அவ்வளவுதான். அதே கம்பி நேர்முனைக் கம்பியாக இருந்திருந்தால் குறுக்குச் சுற்று ஏற்பட்டு உருகி எரிந்து போயிருக்கும்.

இப்போது என் மகன் செய்த இணைப்பைப் பாருங்கள். எப்போதும் 12 வோல்ட்டு உள்ள முனையில் சிவப்பு. எப்போதும் எதிர்முனையாக உள்ள உடலில் கறுப்பு. இடையில் சுவிட்சே இல்லை. அந்த நான்கு விளக்குகளும் கதவு சாத்திய பிறகும் எரிந்துகொண்டே இருந்தன. பகல் வெளிச்சம், சாத்திய கதவு, இருக்கையின் மறைவு, ஊருக்குக் கிளம்பும் பரபரப்பு. யாரும் பார்க்கவில்லை.

பின்னர் மின்அளவி கொண்டு அளந்தோம். நான்கு விளக்குகளும் சேர்ந்து ஏறத்தாழ 0.24 ஆம்பியர் எடுத்துக்கொண்டன. மிகச் சிறிய அளவு. ஆனால் ஏழு நாள்கள் என்பது 168 மணி நேரம். பெருக்கினால் 40 ஆம்பியர்-மணி. எங்கள் மின்கலத்தின் கொள்ளளவோ 35 ஆம்பியர்-மணி. அதுவும் பழைய மின்கலம். நாங்கள் நள்ளிரவில் வீடு திரும்புவதற்கு வெகு முன்பே அது வற்றிவிட்டது. எல்.இ.டி.யும் தானாகவே அணைந்துவிட்டது. அதனால்தான் முன்றில் இருட்டாக இருந்தது. சற்று ஒளி மிஞ்சியிருந்தால் அந்த இரவிலேயே கண்டுபிடித்திருப்போம்.

முன்றிலில் நின்றபடியே இதையெல்லாம் நான் புரிந்துகொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று எனக்கும் விளங்கவில்லை. மறுநாள் எங்கள் தாமானில் மகிழுந்து மின்னிணைப்பு வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் இருவரும் போனோம். அவர் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர். என் மகன் வரைந்த அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "படம் சரிதான் தம்பி. சுவிச்சை மட்டும் இந்தப் பக்கம் தள்ளிப் போடு" என்று, மின்குமிழுக்கு மறுபுறம் விரலை வைத்தார்.

பிறகு அவர் ஒரு சோதனை விளக்கை எடுத்தார். கூர்முனை கொண்ட கைப்பிடி, அதனுள் ஒரு சிறு மின்குமிழ், வாலாக நீண்ட கம்பியின் நுனியில் ஒரு கவ்வி. கவ்வியை உடலில் மாட்டி, கூர்முனையால் கூரை விளக்கின் ஒரு முனையைத் தொட்டார். எரிந்தது. கதவைச் சாத்தச் சொன்னார். அப்போதும் எரிந்தது. "இது எப்பவும் இருக்கிற பிளஸ்" என்றார். அடுத்து, கவ்வியை நேர்முனையில் மாட்டி மற்ற முனையைத் தொட்டார். கதவு திறந்திருந்தபோது எரிந்தது, சாத்தினால் அணைந்தது. "இதுதான் உனக்கு வேண்டிய மைனஸ்."

எல்லா மகிழுந்துகளும் இப்படி இல்லை என்றும் அவர் எச்சரித்தார். சிலவற்றில் சுவிட்ச் நேர்முனைப் பக்கமே இருக்கும். புதியவற்றில் கதவுச் சுவிட்ச் ஒரு கட்டுப்பாட்டுக் கணினியிடம் செய்தி சொல்ல, அது விளக்கை மெதுவாக ஏற்றி இறக்கும். அதில் கூடுதல் சுமையை ஏற்றினால் அந்தக் கணினியே பழுதாகலாம். "படத்தை நம்பாதே, தொட்டுப் பார்த்து நம்பு" என்பது அவர் பாடம்.

அன்று பிற்பகல் முழுவதும் நானும் மகனும் முன்றிலில் இருந்தோம். முதலில் மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினோம். சிவப்புக் கம்பியை அதே நேர்முனையில் இணைத்தோம். ஆனால் இடையில் 1 ஆம்பியர் உருகி ஒன்றை வைத்தோம். லைட்டர் செருகியை அவன் வெட்டி எறிந்தபோது அதற்குள் இருந்த உருகியும் போய்விட்டிருந்தது. கறுப்புக் கம்பியை உடலிலிருந்து எடுத்து, கூரை விளக்கின் எதிர்முனையில், அதன் மூன்று நிலைச் சுவிட்சுக்கு முன்பாக இணைத்தோம். இப்படிச் செய்தால் எல்.இ.டி. கூரை விளக்கோடு இணை மின்சுற்றாகிவிடும். 'ஆன்' நிலையில் இரண்டும் எரியும், 'டோர்' நிலையில் கதவுக்கேற்ப எரியும், 'ஆஃப்' நிலையில் இரண்டும் அணையும். கறுப்பைக் கதவுச் சுவிட்சின் கம்பியில் நேரே இணைத்திருந்தால், கூரை விளக்கை 'ஆஃப்' செய்தாலும் கதவைத் திறக்கும்போது காலடி விளக்கு எரியும். எது வேண்டும் என்பது அவரவர் விருப்பம்.

கம்பிகளைக் கூரையிலிருந்து முன்தூண் வழியாக இறக்கினோம். எங்கள் மகிழுந்தில் அந்தத் தூணுக்குள் காற்றுப்பை இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டோம். காற்றுப்பை உள்ள தூணில் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது. காலடியில் பிரேக் மிதிக்கு அருகே ஒரு கம்பியும் தொங்காதபடி இறுகக் கட்டினோம். வண்டி ஓடும்போது இந்த விளக்கு எரியவே கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தேன். இரவில் உள்ளே எரியும் ஒளி கண்ணாடியில் பட்டு ஓட்டுநரின் கண்ணை மறைக்கும். வெளிப்புறத்தில் எதையும் மாட்டக் கூடாது என்றும் சொன்னேன். வெளி விளக்குகளுக்கு 1959 ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளும் 1987 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் உண்டு.

வேலை முடிந்தது. கதவைத் திறந்தான். எரிந்தது. எனக்கும் மகிழ்ச்சி. கருவிகளை எடுத்து வைக்கப் போனேன். அவன் நகரவில்லை.

"அப்பா, இன்னும் முடியல" என்றான். மகிழுந்துக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் தலை படும் அளவுக்குக் குனிந்தான். வெளியே வந்து, "அணைஞ்சிடுச்சு" என்றான். பிறகு நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தான். இருட்டிய பிறகு மறுபடியும் பார்த்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் பார்த்தது, விளக்கு எரிகிறதா என்பதை மட்டுமே. அணைகிறதா என்று பார்க்கவில்லை. அது அவன் பழக்கம் அன்று, நான் பழக்கியது. வகுப்பில் மின்சுற்றுச் செய்முறை நடக்கும்போது குழுக்களிடையே நடந்துகொண்டே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எரியுதா?" "எரியுதுங்கய்யா!" "நல்லது, அடுத்த குழு." சுவிட்சைத் திறந்தால் அணைகிறதா என்று கேட்டதில்லை. மின்குமிழின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தால்தான் ஒளி, வேறுபாட்டை நீக்க வழியில் எங்கே துண்டித்தாலும் போதும் என்ற கருத்தை நான் கொடுக்கவில்லை. ஒரு படத்தைக் கொடுத்தேன். பிள்ளைகள் படத்தை மனனம் செய்து தேர்வில் புள்ளிகள் பெற்றார்கள். அப்போது யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது. 2021 இல் அது நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் படத்தை மனனம் செய்யும் வழக்கம் அதனோடு போய்விடவில்லை.

என் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். முன்பு அவனை ஏசியபோது யார் யார் கேட்டார்களோ, அவர்கள் எல்லாரும் இருக்கும்போது கேட்டேன். "பரவாயில்லப்பா" என்றான். ஆயினும் அதன் பிறகு பல மாதங்கள் அவன் எந்தக் கம்பியையும் தொடவில்லை. பிள்ளைகளின் ஆர்வம் அத்தனை எளிதில் திரும்பி வருவதில்லை என்பதைப் பெற்றோர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். ஒரு சொல் போதும், அது அணைந்துவிடும். அதை மீண்டும் ஏற்றும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேடத்தான் நாளாகும்.

அந்தச் சிறுமியின் வீட்டுக்கு நானே சென்றேன். வண்டி பழுதாகிவிட்டது என்று மட்டும் சொல்லித் தப்பியிருக்கலாம். என் வீட்டில் நடந்த கவனக்குறைவால் வந்த வினை, முதல் நாளே வண்டியை இயக்கிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்று அவள் பெற்றோரிடம் சொன்னேன். அவள் அப்பா, "அடுத்த வருஷம் இருக்குதுங்க சார்" என்றார். அடுத்த ஆண்டு அவள் படிநிலை இரண்டு. ஆறாம் ஆண்டு மாணவர்களோடு போட்டியிட வேண்டும். அது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

மறுவாரம் சபைகூடலில் அவளைக் கதை சொல்ல அழைத்தேன். முதலில் மறுத்தாள். பிறகு அவளுடைய வகுப்பாசிரியை பேசிச் சம்மதிக்க வைத்தார். மடிந்து கசங்கிய கிரீடத்தோடு வந்து சொன்னாள். நன்றாகவே சொன்னாள். ஆனால் சபைகூடல் வேறு, போட்டி மேடை வேறு. நான் அதனால் எதையும் ஈடுசெய்துவிட்டதாக நினைக்கவில்லை.

இப்போது ஐந்தாம் ஆண்டுக்கு மின்சுற்றுப் பாடம் தொடங்கும்போது நான் வெண்பலகையில் எதையும் வரைவதில்லை. ஒரு கேள்வி கேட்கிறேன். "வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறது. கதவைச் சாத்தினால் அணைகிறதா? எப்படித் தெரியும்?" வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டையிடும். மறுநாள் சிலர், கதவோரத்தில் உள்ள சிறு குமிழை விரலால் அழுத்திப் பார்த்ததாக ஓடிவந்து சொல்வார்கள். அதன் பிறகுதான் மின்கலம், கம்பி, மின்குமிழ், சுவிட்ச் ஆகியவற்றைக் கையில் கொடுக்கிறேன். சுவிட்சை மின்குமிழுக்கு முன்பும் பின்பும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்கிறேன். குழுக்களிடையே நடக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்கிறேன். எரிகிறதா? அணைகிறதா?

என் மகன் இப்போது பெரியவனாகிவிட்டான். மகிழுந்தின் மின்கலத்தை அதன் பின் இருமுறை மாற்றியாயிற்று. காலடி விளக்குகள் மட்டும் அவன் இணைத்தபடியே இருக்கின்றன.

அண்மையில் வேறொரு போட்டிக்கு மூன்று பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். முதல் நாள் இரவே வண்டியை இயக்கிப் பார்த்தாயிற்று. விடியற்காலை இருட்டில் முதலில் ஏறிய மாணவன், காலடியில் ஒளியைக் கண்டு, "ஐயா, லைட்டு எரியுது!" என்றான்.

"ஆமாம்பா. கதவைச் சாத்திட்டுக் குனிஞ்சு பாரு" என்றேன்.

சாத்தினான். குனிந்து பார்த்தான். பிறகு எதற்கோ மறுபடியும் கதவைத் திறந்து, மறுபடியும் சாத்திப் பார்த்தான். நேரம் நிறைய இருந்தது. நான் காத்திருந்தேன்.